பிரேக்கில் கட்டிய மணி

கம்பெனியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இரண்டு இளைஞர்கள் போன வாரம் வீடு தேடி வந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டு வந்திருந்தார்கள்: 'மைசூரில் மோட்டார் விற்பனை வளர்ந்த வரலாறு'. எனக்கு வரலாறு தெரியாது, விற்பனையும் தெரியாது என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் கம்பெனியில் இருந்துவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் எழுதலாம் என்று தோன்றியது. ஆனால் எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவேன். பிடிக்காவிட்டால் மலரில் அந்தப் பக்கத்துக்கு டயர் விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

இன்றைக்கு வண்டி வாங்குகிறவர் சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டிக்கொண்டு போகிறார். அந்தக் காலத்தில் வண்டியோடு ஓர் ஆளும் போக வேண்டும். மோட்டாரை வாங்குகிற வீட்டில் மோட்டார் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். குதிரை வண்டி ஓட்டுகிற ஆள் இருப்பார். அவரையே டிரைவராக்கிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. கம்பெனி ஆள் அந்த வீட்டிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, வண்டி ஷெட்டில் படுத்து, அவருக்கு ஓட்டவும் துடைக்கவும் டயர் மாற்றவும் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பவேண்டும். சில வீடுகளில் ஒரு மாதம் ஆகும், சிலவற்றில் மூன்று மாதமும் ஆகும். அப்படிப் போகிற ஆள் நான்தான். ஒர்க்ஷாப்பில் எனக்கு 'மாப்பிள்ளைத் தோழன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். புது இடத்தில் சாப்பாடு எப்படி, மாமியார் எப்படி என்று திரும்பி வந்ததும் விசாரிப்பார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. அப்பா மைசூர் லஷ்கர் மொஹல்லாவில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. சைக்கிள் கடையில் கொஞ்ச காலம், பிறகு கம்பெனியில் கிரீஸ் பூசுகிற வேலை, பிறகு ஃபிட்டர்களிடம் அடியும் திட்டும், பிறகு லைசென்ஸ். அவ்வளவுதான். வேலை என்றால் என்ன என்பதை நான் கற்றது எங்கள் மானேஜர் தணிகாசல முதலியாரிடம்.

முதலியார் பெங்களூர் கன்டோன்மென்ட்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை. கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றி மறுபடி மாட்டுவார். அதைப் பார்த்தாலே நாங்கள் ஆளுக்கொரு ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் போய்விடுவோம்.

வண்டி ரயிலில் வந்து இறங்கும். பளபளப்பான பாகங்களில் எல்லாம் துருப் பிடிக்காமலிருக்க மெழுகு மாதிரி ஒன்றை அப்பியிருப்பார்கள். அதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எடுப்போம். எண்ணெய் மாற்றி, ஒவ்வொரு நட்டையும் முடுக்கி, பின் சீட்டில் ராகி மூட்டைகளை ஏற்றி நஞ்சன்கூடு வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவோம். காலி வண்டி எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும், குடும்பம் ஏறினால்தான் குணம் தெரியும் என்பார் முதலியார். திரும்பி வந்ததும் நட்டுகளை மறுபடி முடுக்கவேண்டும். எல்லாம் ஆன பிறகு அவர் வருவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வார். ஊரை ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். வண்டியை வாங்குகிறவர் உட்காரப்போவது பின்னால், எனவே பின்னால் உட்கார்ந்தவருக்கு எது தெரியுமோ அதுதான் வண்டி என்பது அவர் கட்சி. இஞ்சினை அவர் திறந்து பார்த்தே நான் பார்த்ததில்லை.

வாடிக்கைக்காரரை அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பட்டு வியாபாரி ஒருவர் வண்டி வாங்கிய மறுமாதமே வந்துவிட்டார். இடது பக்கம் திருப்பினால் கடகடவென்று சத்தம் வருகிறது என்றார். முடுக்கினோம், அனுப்பினோம், மறுபடி வந்தார். ஸ்பிரிங்கை மாற்றினோம், மறுபடி வந்தார். அதற்குள் சந்தைப்பேட்டை முழுக்க எங்கள் வண்டி ஓட்டை வண்டி என்று சொல்லி முடித்துவிட்டார். கடைசியில் முதலியார் தாமே அவர் வண்டியில், அவர் உட்காருகிற அதே இடத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இடது பக்கம் ஒரு திருப்பம் திருப்பினோம். சீட்டு மெத்தைக்கும் கதவுக்கும் நடுவே கையை விட்டு ஒரு பித்தளைப் பாக்குவெட்டியை எடுத்தார். வேட்டியில் துடைத்து, சீட்டில் பக்கத்திலிருந்த வியாபாரியின் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

நான் சிரித்துவிட்டேன். முதலியார் கை பொத்தானுக்குப் போயிற்று.

"சத்தம் நின்னுடுச்சுன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லு. ஏன் நின்னுதுன்னு அவர் கேக்கமாட்டார்" என்றார்.

அப்படியே ஆயிற்று. பாக்குவெட்டி கிடைத்ததில் விஷயம் அவருக்கே புரிந்திருக்கும். அடுத்த தசரா சமயத்தில் தம்பிக்கு என்று இன்னொரு வண்டி எங்களிடமே வாங்கினார்.

இனி ரங்கப்பன் கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் பேனாவை எடுத்ததே.

எங்கள் ஊரில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திவந்த ஒரு லேடி டாக்டர் இருந்தார். கிரேஸம்மா என்றால் லஷ்கர் மொஹல்லாவில் தெரியாதவர் இல்லை. எங்களைப் போலத் தமிழ்க் கிறிஸ்தவர்தான். வீட்டுக்குப் போயும் பிரசவம் பார்ப்பார். அவர் ஒற்றைக் குதிரை பூட்டிய மூடு சாரட்டில்தான் எங்கும் போவார். அதை ஓட்டியவர் ரங்கப்பன். டாக்டரம்மா சிறுமியாகப் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வண்டியை ஓட்டியவர். கொள்ளேகாலத்துக்காரர். அப்போது கொள்ளேகாலம் நம் மைசூரில் சேர்ந்திருக்கவில்லை, கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான். டாக்டரம்மாவை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். டாக்டராகிப் பேர் வாங்கிய பிறகும் அம்மிணிதான்.

ஒரு மழைக்காலத்தில் நஞ்சன்கூட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு சாரட்டு போய்ச் சேருவதற்குள் தாயும் குழந்தையும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா மோட்டார் வாங்குவது என்று முடிவு செய்தார். நான் வண்டியோடு போனேன். முதல் நாளே என்னிடம் மனம்விட்டுப் பேசினார். ரங்கப்பன் கற்றுக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது, கற்றுக்கொள்ளாவிட்டால் வேறு டிரைவர்தான், வேறு வழி இல்லை, தாமதமாகப் போனால் உயிர் போகிறது என்றார். காம்பவுண்டுக்குள் வண்டிக்காரர் குடியிருக்க ஒரே ஒரு வீடுதான். அதில் ரங்கப்பன் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் இருந்தார். புது டிரைவர் வந்தால் அந்த வீட்டைக் காலி செய்து கொடுக்கவேண்டியிருக்கும். இதையும் டாக்டரம்மாவே சொன்னார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரங்கப்பன் ஒரு வாரத்தில் என்னை அசத்திவிட்டார். சாமுண்டி மலை அடிவாரத்து மைதானத்தில்தான் பழக்கினேன். கடிவாளம் பிடித்த கை அல்லவா, ஸ்டியரிங்கை விரல் நுனியால் பிடிப்பார். கியர் மாற்றினால் சத்தமே வராது. பின்னால் போவது, மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் சுளுவாக வந்தது. இந்த ஆளுக்கு ஒரு மாதம் எதற்கு, பதினைந்து நாளில் மாமியார் வீட்டிலிருந்து திரும்பிவிடலாம் என்று ஒர்க்ஷாப்பில் பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஊருக்குள் ஓட்டினோம். பிடித்தது சனி.

காலியான ரோடில் பூப்போல் போகிற வண்டி, குறுக்கே ஏதாவது வந்துவிட்டால் முன்னால் பாய்ந்தது. முதலில் ஒரு நாய் தப்பியது. பிறகு ஒரு கட்டைவண்டிக்காரர் மாட்டோடு சாக்கடையில் இறங்கினார். அடுத்த நாள் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பூக்காரம்மா ஒருத்தி கூடையோடு ரோடைக் கடந்தாள். ரங்கப்பன் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார், எனக்கும் தெரிந்தது. வேகமும் அதிகம் இல்லை. ஆனால் கிட்டே போனதும் வண்டி உறுமிக்கொண்டு தாவியது. நான் பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக் கைப்பிரேக்கை இழுத்தேன். அவள் கூடையைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். மல்லிகைப்பூ மொத்தமும் சக்கரத்தின் கீழ் போயிற்று. மட்கார்டு ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி மடங்கியது. அன்றைக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். பூக்காரம்மா கன்னடத்தில் எங்கள் இரண்டு பேர் வம்சத்தையும் திட்டித் தீர்த்தாள். திட்டட்டும் என்று நின்றோம்.

பிரேக்கைப் பிடி என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன், கணக்கே கிடையாது. எதைக் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"நானு ஒண்ணும் பண்ணுலீங்க மேஸ்திரி. வண்டிதான் தாவுதுங்க."

வண்டியில் கோளாறோ என்று நானே ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வயசாகிவிட்டது, பதற்றம் வந்துவிட்டது, ஜன நெரிசலைக் கண்டால் கை கால் உதறுகிறது என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பதற்றமுள்ள ஆளின் கை அப்படி இருக்காது. கூடை நசுங்கிய அன்றும் அவர் கை நடுங்கவில்லை, திட்டு வாங்கும்போதுகூட நிதானமாக நின்றார். சாயங்காலம் குதிரை லாயத்துக்குப் போய்த்தான் அழுதிருக்கிறார். குதிரைக்குப் புல் போட வந்த அவர் மனைவி சொன்னாள்.

டாக்டரம்மா முதலியாரைக் கூப்பிட்டுப் பேசினார். பெங்களூரில் தமக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் இருக்கிறார், திங்கட்கிழமை வரச் சொல்லலாம் என்று முதலியார் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தாம் வந்து பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதாகவும், அன்றும் சரிப்படாவிட்டால் அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது என்னைப் பார்த்தார். பொத்தானைத் தொடவில்லை. அதுவே எனக்கு என்னவோபோல் இருந்தது.

மட்கார்டை நிமிர்த்த வண்டி ஒர்க்ஷாப்பில் கிடந்தது. மறுநாள் டாக்டரம்மாவை ஒரு வீட்டில் விட்டுவர சாரட்டைப் பூட்டினார் ரங்கப்பன். நானும் ஒர்க்ஷாப்புக்குப் போகவேண்டியிருந்ததால் முன்னால் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். டாக்டரம்மாவை இறக்கிவிட்டு மார்க்கெட் வழியாகப் போனோம். நல்ல கூட்டம். ரங்கப்பன் பெரிய பெண்ணுக்கு வரன் தேடுகிற கதையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மாப்பிள்ளைக்கு ஊரில் நிலம் இருக்கிறது, ஆனால் இரண்டு அண்ணன்மார் என்று கவலைப்பட்டார். குறுக்கே யாரோ வந்தார்கள். டங் டங் என்று மணி அடித்தது. ஜனம் ஒதுங்கியது. கதை நிற்கவில்லை. மறுபடி ஒரு தள்ளுவண்டி. டங் டங். அண்ணன்மார் குணம் எப்படி என்று விசாரிக்கவேண்டும் என்றார். ஒரு மாடு. டங் டங்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். அந்தக் கால சாரட்டுகளில் வண்டிக்காரர் காலடியில், பலகையில், பித்தளை மணி ஒன்று பதித்திருக்கும். மேலே குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும், மிதித்தால் அடிக்கும். இரண்டு கையிலும் கடிவாளம் இருப்பதால் மணியடிக்கக் கால்தான் உண்டு. ரங்கப்பன் வலது கால் ஒவ்வொரு தடவையும் தானாக எழுந்து அந்தக் குமிழை மிதித்தது. குமிழின் தலை தேய்ந்து பள்ளமாகியிருந்தது. மோட்டாரில் அதே இடத்தில் இருப்பது ஆக்சிலேட்டர்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"ரங்கண்ணா, இப்ப எத்தனை தடவை மணி அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மணிங்களா?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நானெங்கீங்க மணி அடிச்சேன்? உங்ககோட பேசிக்கிட்டல்லங்க வந்தேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. பாதி ஆயுள் அடித்த மணி அவர் காதிலேயே விழவில்லை. குறுக்கே யாராவது வந்தால் கால் மிதிக்கும். சாரட்டில் மிதித்தால் ஜனம் விலகும். மோட்டாரில் மிதித்தால் வண்டி பாயும். பார்த்து, ஜாக்கிரதையாகத்தான் அவர் மிதித்திருக்கிறார். ஜாக்கிரதை அதிகமானால் மிதியும் அதிகமாகும். அதனால்தான் வண்டி அந்தத் தாவல் தாவியது.

காரணம் தெரிந்துவிட்டது, இனி தொல்லை இல்லை என்று துள்ளினேன். மட்கார்டு நிமிர்ந்து வண்டி வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். வினை வந்தது அதில்தான். அதுவரை காலைப் பற்றி நினைக்காத மனிதர் காலையே பார்க்க ஆரம்பித்தார். ரோடில் ஆள் வந்தால் குனிந்து காலைப் பார்த்தார். எதை மிதிப்பது என்று யோசித்தார். ஒன்றையும் மிதிக்காமல் விட்டார். மைதானத்தில் நன்றாக ஓட்டியதும் போயிற்று.

"உடுங்க மேஸ்திரி" என்றார் வெள்ளிக்கிழமை. "எனக்கு இது ஆகாதுங்க. அம்மிணிக்கு எதாச்சும் ஆயிருச்சுன்னா நானு இருந்து என்னுங்க பிரயோஜனம்? ஊருக்கே போயிக்கறனுங்க."

ஊரில் அவருக்கு ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கால் சொன்ன பேச்சைக் கேட்காதென்றால், கால் போகவேண்டிய இடத்தில் மணியை வைத்துவிட்டால் என்ன? சாரட்டின் மணியைக் கழற்றி மோட்டாரின் பிரேக்கில் மாட்டவேண்டும். மிதித்தால் மணியும் அடிக்கவேண்டும், வண்டியும் நிற்கவேண்டும். யோசனை எளிதாக வந்துவிட்டது. செய்வதில்தான் இடைஞ்சல். புது வண்டியில் துளை போடக்கூடாது என்பது முதலியாரின் சட்டம். வாடிக்கைக்காரர் தாமே கேட்டாலும் மூன்று தடவை யோசிக்கச் சொல்லுவார். நான் அவருக்குத் தெரியாமல் செய்தால் வேலை போகும். கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் அவர் வேண்டாம் என்பார், அதோடு கதை முடிந்துவிடும். எனவே வண்டியின் சொந்தக்காரரிடம் போனேன்.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். நான் காலால் மிதித்து மிதித்துக் காட்டியதைப் பார்த்துச் சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை.

"துளை போடுங்க" என்றார். "ஆனா ரங்கப்பன் போயிட்டா, அந்தத் துளையைத்தான் நான் தினம் பாத்துக்கிட்டு உட்காரணும். நல்லா யோசிச்சுப் போடுங்க."

ஒர்க்ஷாப்பில் அப்துல் மேஸ்திரி என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். அவரிடம் சொன்னதும் கையைத் தட்டிவிட்டு உளியை எடுத்தார். மணியைப் பலகைக்கு அடியில் பொருத்தி, குமிழ் மட்டும் துளை வழியாகப் பிரேக் பெடலுக்கு நேர் கீழே தலைநீட்டும்படி வைத்தோம். பிரேக் பெடலின் தண்டில் சிறு இரும்பு நாக்கு ஒன்றை மாட்டினோம். பெடல் இறங்கும்போது நாக்கு குமிழைத் தட்டிவிட்டுப் போகும். பிரேக்கின் வேலைக்கு எந்த இடைஞ்சலும் வராது. நாலைந்து தடவை கழற்றி மாட்டிய பிறகுதான் சத்தம் சரியாக வந்தது.

சனிக்கிழமை காலையில் ரங்கப்பனை உட்காரவைத்தேன். இஞ்சினைப் போடவில்லை. மணியை அடியுங்கள் என்றேன். பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பித்தளைக் குமிழைக் குனிந்து தடவினார். மிதித்தார். டங். முகம் மாறியது. காலைப் பற்றி நான் பேசவே இல்லை. அவருடைய பெண்ணுக்கு வரன் பார்க்கிற கதையைக் கேட்டேன். பேசிக்கொண்டே, நான் முன்னால் கையை நீட்டும்போதெல்லாம் மணி அடிக்கவேண்டும், அவ்வளவுதான். முதலில் கால் பழைய இடத்துக்குப் போனது. சத்தம் வரவில்லை. சத்தத்தைத் தேடிக்கொண்டு கால் நகர்ந்தது. மத்தியானத்துக்குள் கால் நேராக மணிக்குப் போனது. சாயங்காலம் மைதானத்தில் ஓட்டினோம். நான் ஒரு கோணிப்பையைக் குறுக்கே வீசினேன். டங். வண்டி நின்றது.

"நின்னுருச்சுங்க மேஸ்திரி" என்றார், யாரோ ஓட்டியதைப் போல.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் முதலியார் வந்தார். வழக்கம்போலச் செருப்பை விட்டு, பின் சீட்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டார். மார்க்கெட் வழி என்று மட்டும் சொன்னார். நான் முன்னால் உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கைப்பிரேக்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மாதாவே என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை.

ஒரு சைக்கிள் வந்தது. டங். வண்டி தயங்கி, போயிற்று. ஒரு ஜட்கா குறுக்கிட்டது. டங். முதலியார் கண்ணைத் திறக்கவில்லை. மார்க்கெட் திருப்பத்தில் பூக்கூடையோடு அதே அம்மா வந்தாள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் நடு ரோடில் அப்படியே நின்றுவிட்டாள். ஓடவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. டங் என்று ஓர் அடி, கெட்டியான அடி. வண்டி அவளுக்கு இரண்டு கை தள்ளி நின்றது. அவள் கூடையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், ரங்கப்பனைப் பார்த்தாள். இன்றைக்காவது பார்க்கக் கண் வந்ததா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, நிதானமாகக் கடந்து போனாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் முதலியார் டாக்டரம்மாவைப் பார்த்து, ரங்கப்பனே ஓட்டட்டும், பெங்களூர் ஆளுக்கு வேறு இடம் இருக்கிறது என்றார். டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரங்கப்பன் மனைவி சமையலறை வாசலிலிருந்து உள்ளே ஓடினாள். முதலியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கை மேல் பொத்தானுக்குப் போயிற்று. கழற்றினார். மாட்டினார்.

"துளை போட்டியா?" என்றார்.

"போட்டேங்க."

"சுத்தி துரு ஏறாம பெயின்ட் அடிச்சியா?"

அடித்ததாகச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாட்டை ஒர்க்ஷாப்பில் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிப் பசித்தது.

அதற்குப் பிறகு டாக்டரம்மாவின் வண்டிக்கு ஊரில் மணி வண்டி என்று பெயர் வந்துவிட்டது. பிரேக் பிடித்தால்தான் மணி அடிக்கும், வீட்டு வாசலில் நிறுத்தப் பிரேக் பிடித்தே ஆகவேண்டும். பிரசவ வீடுகளில் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். இது எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரிந்தது. நான் வேறு வேறு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து என் மனைவிக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் சுகமாக ஆனதால் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அது தப்பாகிவிட்டது. மத்தியானத்திலிருந்து மழை. வலி வந்து நின்று வந்து நின்று, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடியிருந்தார். டாக்டரம்மா வேறு ஊருக்குப் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள், வந்துவிட்டதாக வேறு யாரோ சொன்னார்கள். நான் வாசலில் மழையில் நின்றேன். உள்ளே என் மனைவி கத்துவதை நிறுத்திவிட்டாள். கத்தினபோது தாங்க முடியாதிருந்த எனக்கு, அவள் நிறுத்தியதும் உலகமே முடிந்துவிட்டது போல ஆயிற்று.

டங்.

தெரு முனையில் ஓர் அடி. யாரோ குறுக்கே வந்திருப்பார்கள். பிறகு வாசலில் ஒன்று. டங். உள்ளேயிருந்து என் மனைவி, வந்தாச்சா என்று கேட்டாள். டாக்டரம்மா பையோடு இறங்கி என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் தங்கின. வெளியே ஓடி வந்தேன். ரங்கப்பன் மழையில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"உங்க மணி கேட்டுச்சு ரங்கண்ணா. கேட்டப்புறந்தான் எனக்கும் அவளுக்கும் உயிரே வந்தது" என்றேன்.

ரங்கப்பன் என்னைப் பார்த்தார். பாவம், பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஏதோ உளறுகிறான் என்று நினைத்திருப்பார்.

"மணியா? நானெங்கீங்க மணி அடிச்சேன்?" என்றார். "பிரேக்கத்தானுங்க புடிச்சேன்."